நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

எனக்குக் கோபம் வந்தால் நான் பாத்திரத்தை உருட்ட மாட்டேன், புரோகிராம் எழுதுவேன். என் புருஷனைக் கேட்டால் இரண்டும் உண்டு என்பார். அவர் பேச்சை விடுங்கள். ஹோகு அப்படி ஒரு கோபத்தில் பிறந்ததுதான்.

ஹூப்ளி வித்யாநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "பயணிகள் கவனத்திற்கு" என்று தொடங்கி எந்த ஊர் பஸ் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அப்படிச் சொல்ல வைக்கிற மென்பொருளை நாங்கள் செய்கிறோம். ஏழெட்டுத் தாலுகா பஸ் ஸ்டாண்டுகள் எங்கள் கையில். ஆரம்பத்தில் அவசரத்தில் பஸ் விவரங்களை எல்லாம் புரோகிராமுக்கு உள்ளேயே எழுதிவிட்டோம். ஒரு பஸ்ஸுக்கு ஒரு வரி. ஊர், நேரம், கடைசியில் பிளாட்பாரம். அந்த ஒரு கோப்பு வளர்ந்து வளர்ந்து ஆயிரத்து எண்ணூறு வரி ஆகிவிட்டது. பிறகு பிரிக்கலாம் என்று சொன்னோம். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வரும். "மேடம், கதக் பஸ்ஸை மாத்துங்க" என்பார்கள். கோப்பைத் திறந்து, உருட்டி உருட்டி, கதக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் அங்கே பஸ்ஸே போயிருக்கும். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு மதியம், பன்னிரண்டு போன் வந்த பிறகு, போதும்டா சாமி என்று உட்கார்ந்து அறுபது வரியில் ஒரு சின்ன உதவிக் கட்டளை எழுதினேன். கறுப்புத் திரையில் 'ஹோகு கதக்' என்று தட்டினால் போதும். கோப்பு திறக்கும், கர்சர் நேராகக் கதக் வரியின் கடைசியில், பிளாட்பார எண்ணின் மேல் போய் நிற்கும். எண்ணை மாற்று, சேமி, முடிந்தது. இரண்டு நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் குரல் புது எண்ணைச் சொல்லும். ஹோகு என்றால் எங்கள் கன்னடப் பேச்சில் போ என்று அர்த்தம். பேர் வைத்ததும் நான்தான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சு நிஜமாகவே பொன்தான் என்று நான் எட்டு வருஷம் நம்பினேன்.

அதில் ஒரே ஒரு விஷயம். ஹோகுவுக்கு ஊர் பேர் தெரியாது, வரி எண்தான் தெரியும். கதக் என்றால் நானூற்றுப் பன்னிரண்டு, சவதத்தி என்றால் நானூற்றுப் பத்தொன்பது என்று ஒரு பட்டியல் எழுதி அதற்குக் கொடுத்திருந்தேன். எனவே வரிகள் நகரக் கூடாது. நடுவில் ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ அதற்குக் கீழே உள்ள ஊர்கள் எல்லாம் இடம் மாறிவிடும். அதனால் ஆபீஸில் ஒரு வழக்கம் தானாக வந்தது. ஒரு பஸ் நின்றுபோனால் அந்த வரியை நீக்க மாட்டோம். உள்ளே இருப்பதை மட்டும் அழித்து வெற்று வரியாக விட்டுவிடுவோம். அதற்கு என் கூட வேலை பார்க்கும் மகாந்தேஷ் 'சமாதி' என்று பேர் வைத்தான். புது பஸ் வந்தால் ஏதாவது ஒரு சமாதிக்குள் குடி வைப்போம். சமாதி காலி இல்லையென்றால் பக்கத்து பஸ்ஸின் வரியிலேயே நெருக்கி உட்கார வைப்போம். ஒரு வரியில் நான்கு பஸ் கூட உண்டு; படிக்க வேண்டுமானால் கழுத்தை ஜன்னல் வரை திருப்ப வேண்டும்.

பைத்தியக்காரத்தனம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் கடித்திருப்பேன். மகாந்தேஷ் ஒரே ஒரு தடவை, "அக்கா, ஹோகு வரி எண்ணுக்குப் பதிலா ஊர் பேரைத் தேடிப் போனா என்ன?" என்று கேட்டான். நான் பார்த்த பார்வையில் தேநீர் குடிக்கப் போனவன் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தான்.

இந்த ஆபீஸுக்குத்தான் மூன்று மாதத்துக்கு முன் வத்சலாபாய் தேசாயி வந்து சேர்ந்தார். வயது நாற்பத்தொன்பது, என்னைவிடப் பதினொன்று கூடுதல். ஒரு காலத்தில் பெல்காமில் நல்ல கம்பெனியில் புரோகிராம் எழுதியவர். மாமனார் படுக்கையில் விழுந்தார், பிறகு மாமியார். பதினான்கு வருஷம் வீட்டிலேயே போய்விட்டது. இருவரும் போன பிறகு மறுபடி படித்து, இருபத்திரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். மூன்று இடத்தில் வயதைக் காட்டி வேண்டாம் என்றார்களாம். மற்ற இடங்களில் அதைச் சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. எங்கள் முதலாளி சங்கமேஷ் மட்டும், மூன்று மாதம் பார்க்கலாம், பிடித்தால் நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டான். அவன் என்னோடு கல்லூரியில் படித்தவன், அதனால்தான் இந்த அவன் இவன்.

"இங்க இல்லன்னா இனி எங்கயும் இல்ல, நீலா," என்று வந்த இரண்டாம் நாளே என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் டிபன் டப்பா மூடியை மூன்று தடவை திறந்து மூடினார்.

நல்ல மனுஷி. ஒரே தொல்லை, எதையும் கலைந்து கிடக்க விட மாட்டார். ஒயர்களைச் சுருட்டிக் கட்டினார். கோப்பைகளில் பேர் ஒட்டினார். என் மேஜையில் ஆறு மாதமாகக் கிடந்த ஒரு திருகாணியைக் காட்டி, "இது எதோடது, நீலா?" என்று தினம் கேட்டார். எனக்கென்ன தெரியும்?

அந்த மூன்று மாதம் ஒரு வியாழக்கிழமை முடிந்தது. மாலை நான்கு மணிக்கு சங்கமேஷ் முடிவு சொல்வதாக இருந்தான். வத்சலாபாய் இளகல் புடவை கட்டி, ஒரு பெரிய டப்பா நிறைய நிலக்கடலைப் போளி கொண்டுவந்திருந்தார். "கிடைச்சா சந்தோஷத்துக்கு, கிடைக்கலன்னா வழியனுப்பு விழாவுக்கு. மாவு ஒண்ணுதானே," என்றார். நாலு மணி வரை யாரும் தொடக் கூடாது என்று டப்பாவுக்கு மேல் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார்.

அன்றைக்குப் பௌர்ணமி வேறு. சவதத்தி எல்லம்மா மலையில் ஜாத்திரை, அம்மன் திருவிழா.

காலை பத்தரைக்கு எனக்குப் போன். கல்லப்பண்ணா. பக்கத்துத் தாலுகா பஸ் ஸ்டாண்டில் கன்ட்ரோலர். எந்தத் தாலுகா என்று சொன்னால் வீட்டுக்கே வந்து சண்டை போடுவார், வேண்டாம்.

"மேடம், நாலாம் பிளாட்பாரத்துல சிமெண்ட் போடறாங்க. கதக் பஸ்ஸை ஒன்பதுக்கு மாத்தியாச்சு. உங்க பொண்ணை ஒன்பதுன்னு சொல்லச் சொல்லுங்க."

"இதோ, சொல்லியாச்சுன்னு வெச்சுக்கோங்க கல்லப்பண்ணா."

இடது கையில் மிர்ச்சி பஜ்ஜி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். வலது கையால் 'ஹோகு கதக்'. கர்சர் போய் ஒரு எண்ணின் மேல் நின்றது. அழித்தேன், ஒன்பது போட்டேன், சேமித்தேன். பஜ்ஜியைக் கடித்தேன். எல்லாம் சேர்ந்து எட்டு விநாடி. வரி என்ன சொல்கிறது என்று நான் படிக்கவில்லை. எட்டு வருஷமாகவே யாரும் படிப்பதில்லை. படிக்காமல் இருப்பதற்காகத்தானே ஹோகு.

பதினோரு மணிக்கு மறுபடி போன்.

"தாயே! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? சவதத்தி பஸ் ஒன்பதுலன்னு உங்க பொண்ணு கத்துறா! ஜாத்திரைக் கூட்டம் மொத்தமும் ஒன்பதுல நின்ன கதக் பஸ்ல ஏறி உக்காந்திருச்சு!"

"இறங்கச் சொல்லுங்கண்ணா."

"சொன்னேன். 'எல்லம்மா கூப்பிட்டு ஏறின பஸ், இறங்க மாட்டோம்'ங்கறாங்க. உதோ உதோன்னு அம்மனுக்குக் கோஷம் போடறாங்க. ஒரு கிழவி என் நெத்தியில மஞ்சளை அப்பிட்டா. கதக் போறவங்க நாலாம் பிளாட்பாரத்துல ஈர சிமெண்ட்ல நிக்கறாங்க, மேஸ்திரி அழறான்!"

பின்னணியில் உடுக்கையும் பாட்டும் எனக்கே கேட்டது. சவதத்தி பஸ் வழக்கமாக நிற்பது இரண்டாம் பிளாட்பாரம். என் கை எங்கோ தவறியிருக்கிறது என்று நினைத்தேன். "ஒரு நிமிஷம்ணா" என்று 'ஹோகு சவதத்தி' தட்டினேன். கர்சர் நின்றது. அழித்தேன், இரண்டு போட்டேன், சேமித்தேன். இந்தத் தடவையும் படிக்கவில்லை. ஆமாம், இந்தத் தடவையும்.

கால் மணி கழித்து வந்த போனில் கல்லப்பண்ணாவின் குரல் பயங்கர நிதானமாக இருந்தது.

"மேடம், உங்களுக்கும் எனக்கும் ஏதாவது பழைய பகை உண்டா?"

"ஏண்ணா?"

"சவதத்தி இன்னும் ஒன்பதுலதான் இருக்கு. இப்போ நர்குந்த் பஸ்ஸும் ரெண்டுன்னு சொல்றா. நர்குந்த் ஆளுங்க ஓடிப்போய் ரெண்டுல நின்ன சவதத்தி பஸ்ல ஏறிட்டாங்க. ஜன்னல் சீட்டுக்கு அடிதடி முடிஞ்சு, இப்போ ஆரஞ்சு உரிக்கறாங்க. இனி அவங்களும் இறங்கப்போறதில்ல."

அப்போதுதான் கோப்பை மேலிருந்து கண்ணைத் திறந்து பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டில் கதக் இல்லை. சவதத்தி இருந்தது. கதக் ஏழு வரி மேலே ஏறி நானூற்று ஐந்தில் உட்கார்ந்திருந்தது. யார் எப்போது எந்த வரியைத் தொட்டார்கள் என்று காட்டும் பதிவைப் பார்த்தேன். நேற்று மாலை ஐந்தரை, வத்சலா தேசாயி. பக்கத்தில் அழகாக ஒரு குறிப்பு: 'மேலே இருந்த ஏழு வெற்று வரிகளை நீக்கினேன். வேறு மாற்றம் எதுவும் இல்லை.'

ஏழு சமாதிகளைத் தோண்டி எடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாற்காலி பின்னால் போய் சுவரில் மோத எழுந்தேன்.

"வத்சலாக்கா! அந்தக் கோப்பை யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

ஹாலில் எட்டுப் பேர். எட்டுத் தலையும் திரும்பியது.

"வெத்து வரிதானே நீலா," என்றார் அவர். "அதுல ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுமே இல்லையா? அங்க ஒரு பஸ் ஸ்டாண்டே தலைகீழா நிக்குது! இது உங்க வீட்டுச் சமையல்கட்டு இல்ல, துடைச்சுத் துடைச்சு வெக்கறதுக்கு! பதினாலு வருஷம் அடுப்படியில உக்காந்துட்டு வந்தா இப்படித்தான் இருக்கும்!"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சங்கமேஷ் தன் அறைக் கதவில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று வத்சலாபாய்க்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து என் மேஜைக்கு வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"இதுல 'சவதத்தி'ன்னு எழுதியிருக்கே. மாத்தும்போது படிக்கலையா?"

"ஹோகு போட்டா படிக்க வேண்டாம். அதுதான் விஷயம்."

"சரி. முதல் தடவ நான் வரியை எடுத்தது உங்களுக்குத் தெரியாது. ரெண்டாவது தடவ? தப்பு நடந்திருக்குன்னு தெரிஞ்ச பிறகும் படிக்கலையா?"

வாயைத் திறந்தேன். பஜ்ஜி வாசனை மட்டும்தான் வந்தது. அதற்குள் என் கை பழக்கத்தில் இரண்டு வரிகளையும் பழையபடி மாற்றக் கீபோர்டுக்குப் போனது. வத்சலாபாய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருங்க. அங்க இப்போ நிஜமா என்ன இருக்குன்னு கேட்காம எதையும் தொடாதீங்க."

போனை வாங்கிக்கொண்டார். "கல்லப்பா அவர்களே, நான் வத்சலா. இப்போ எந்த பஸ்ல யாரு உக்காந்திருக்காங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

கல்லப்பண்ணா சும்மா இருந்திருக்கவில்லை. முப்பது வருஷ அனுபவம் அவருக்கு. மஞ்சள் பூசிக்கொண்டு மலைக்குப் போகிறவர்களை இறக்க அந்த யமனாலும் முடியாது என்று தெரிந்துகொண்டு, ஆட்களை விட்டுவிட்டு போர்டுகளை மாற்றியிருக்கிறார். "பஸ்ஸுக்கு என்னம்மா தெரியும்? போர்டுதானே பஸ்!" ஜாத்திரைக் கூட்டம் உட்கார்ந்த கதக் பஸ்ஸில் சவதத்தி போர்டு. நர்குந்த்காரர்கள் உட்கார்ந்த சவதத்தி பஸ்ஸில் நர்குந்த் போர்டு. ஆறாம் பிளாட்பாரத்தில் காலியாக நின்ற நர்குந்த் பஸ்ஸில் கதக் போர்டு. எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே சரியான பஸ்ஸில் இருந்தார்கள். கதக் டிரைவர் ஒருத்தருக்குத்தான் வருத்தம். கதக்கில் மாமியார் வீட்டில் அவருக்கு மத்தியானச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தார்களாம்.

வத்சலாபாய் தான் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். "சவதத்தி ஒன்பதுல. ஒன்பதுன்னுதான் சொல்லிட்டிருக்கு, சரி. நர்குந்த் ரெண்டுல. ரெண்டுன்னுதான் சொல்லிட்டிருக்கு, சரி. கதக் மட்டும் ஆறுல நிக்குது, நாலுன்னு சொல்லிட்டிருக்கு. அப்போ மாத்த வேண்டியது ஒண்ணுதான்."

ஊர் பேரைத் தட்டித் தேடினார். கதக் வரி வந்தது. விரலை வைத்து முழு வரியையும் படித்தார். ஆறு போட்டார். மறுபடி படித்தார். சேமித்தார். "இப்போ கேளுங்க" என்றார். போனில் அந்தப் பெண் குரல் கதக் பஸ் ஆறாம் பிளாட்பாரத்தில் என்று சொன்னது. ஈர சிமெண்டில் நின்ற கால்கள் எல்லாம் ஓடுகிற சத்தமும், மேஸ்திரி திட்டுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது.

"இந்த மேடத்தோட நம்பரை எனக்குக் குடுங்க," என்றார் கல்லப்பண்ணா. "பழைய மேடத்துக்குக் கொஞ்ச நாள் லீவு குடுங்க."

மகாந்தேஷ் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி சிரித்தான். நான் கையில் கிடைத்த திருகாணியை அவன் மேல் எறிந்தேன்.

வத்சலாபாய் தன் இடத்துக்குப் போய், இழுப்பறையில் இருந்த தன் சாமான்களை எடுத்து மேஜை மேல் வைக்க ஆரம்பித்தார். கண்ணாடிக் கூடு, தைலம், மகளின் போட்டோ. ஒன்றின் பக்கத்தில் ஒன்று, வரிசையாக. பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

நாலு மணிக்கு சங்கமேஷ் அவரைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டான். கதவைச் சாத்தச் சொன்னான். மேஜையில் நிரந்தர வேலைக்கான கடிதம் இருந்தது, கையெழுத்து இல்லாமல்.

"நீதான் கூட வேலை பாக்கறவ. காலையில நீ கத்தினதைக் கேட்டேன். நல்ல மனுஷிதான், ஆனா கவனம் இல்லன்னா இந்த வேலைக்கு ஆகாது. நீ என்ன சொல்றியோ அதுதான். எடுத்துக்கவா, வேண்டாமா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணம் தயங்கினேன். அவரை எடுத்துக்கொள் என்று சும்மா சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் காலையில் நடந்தது என்ன என்று கேட்பான். அப்போது ஹோகுவின் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எட்டு வருஷம் கூடத்தைக் கோணலாகக் கட்டியவளே நான்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பொன்குஞ்சு பொன்னாகவே இருக்கும். இருபத்து மூன்றாவதாக ஒரு இடத்துக்கு அவர் விண்ணப்பம் எழுதுவார். நினைத்ததுமே எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"தப்பு ரெண்டும் என்னோடது," என்றேன். "படிக்காம மாத்தினேன், ரெண்டு தடவயும். அவங்க எடுத்தது வெறும் வெத்து வரி. புத்தியுள்ள யாரும் எடுப்பாங்க. எடுக்கக் கூடாதுன்னு நம்ம ஆபீஸ்ல ஒரு வழக்கம் இருக்கு, அதை யாருமே அவங்களுக்குச் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"வாய்விட்டுச் சொன்னா அசிங்கமா இருக்கும், அதான்."

"என்ன வழக்கம்?"

சொன்னேன். சமாதி, குடி வைப்பது, ஒரு வரியில் நான்கு பஸ், எல்லாம். அவன் நம்பவில்லை. கோப்பைத் திறந்து காட்டினேன். வலப்பக்கம் உருட்டிக்கொண்டே போனான், போனான், வரி முடியவே இல்லை.

"எட்டு வருஷமாவா?"

"எட்டு வருஷமா."

"நான் முதலாளிடீ! எனக்கு ஏன் தெரியல?"

"நீ என்னிக்குக் கோப்பைத் திறந்து பாத்தே?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். "ஒரு நிபந்தனை. அந்த ஹோகுவை அவங்க திருத்தணும். நீ பக்கத்துல உக்காந்து வாயை மூடிட்டு இருக்கணும்."

வலித்தது. பெற்றவள் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி அடுத்தவளிடம் கொடுத்த மாதிரிதான் இருந்தது. சரி என்று தலையாட்டினேன். கடிதத்தை அவனே வெளியே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தான்.

வத்சலாபாய் நின்றபடியே படித்தார். முழுக்கப் படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். மகாந்தேஷ் போளி டப்பாவின் சீட்டைக் கிழித்து முதல் போளியை வாயில் திணித்துக்கொண்டான். நான் என் மேஜையில் ரொம்ப நல்லவள் மாதிரி உட்கார்ந்து, அவர் வந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

வந்தார். இலையில் இரண்டு போளி வைத்து, மேலே நெய் விட்டு, என் முன்னால் வைத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"சங்கமேஷ் சார் சொன்னார். உள்ள நீங்க சொன்னது எல்லாத்தையும் சொன்னார். நல்லது பண்ணீங்க, நீலா. ஆனா நீங்க என்னைப் பாத்துக் கத்தினது ஹால்ல. எட்டுப் பேர் கேட்டாங்க. உங்க தப்புன்னு சொன்னது மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் கணக்குச் சரிபார்க்கிற குரலில் சொன்னார். என் காது வரை சூடேறியது. போளியைத் தொட முடியவில்லை.

எழுந்தேன். நாற்காலி இந்தத் தடவையும் சுவரில் போய் மோதியது. எட்டுத் தலையும் திரும்பியது. காலையில் எந்தக் குரலில் கத்தினேனோ அதே குரலில் கத்தினேன். எனக்கு வேறு குரல் கிடையாது.

"எல்லாரும் கேளுங்க! காலையில தப்புப் பண்ணினது நான்! ரெண்டு தடவ! வத்சலாக்கா மேல பழியைப் போட்டேன். அடுப்படி, சமையல்கட்டுன்னு நான் பேசினது எல்லாம் அசிங்கமான பேச்சு. அவங்க இல்லன்னா இன்னிக்கு அந்த பஸ் ஸ்டாண்டே இருந்திருக்காது. என்னை மன்னிச்சிடுங்க அக்கா!"

கீழே மருந்துக் கடையில் யாரோ மாடியை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

"கேக்கல, நீலக்கா," என்றான் மகாந்தேஷ், வாய் நிறையப் போளியோடு. "இன்னொரு தரம்."

வேறு நாளாக இருந்தால் அவன் முதுகு பிய்ந்திருக்கும். முழுவதையும் முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதையும் எட்டுப் பேர் கேட்டார்கள்.

வத்சலாபாய் மேஜை மேல் வரிசையாக வைத்திருந்த தன் சாமான்களை ஒவ்வொன்றாக இழுப்பறைக்குள் திரும்பப் போட்டார். பிறகு தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் திரைக்கு முன்னால் போட்டார்.

"சரி, கொஞ்சம் நகருங்க," என்றார். "முதல் வரியிலிருந்து படிப்போம்."